எரிமலையைச் சுற்றி ஒரு குட்டிக் கப்பல்: நம்ம ஊர் ‘கலாபகஸ்’ எங்கே இருக்கிறது, அங்கே போகலாமா?

மதிய சாப்பாட்டு நேரத்தில் போனைத் தள்ளிக்கொண்டே போனால் அந்த வீடியோ எப்படியும் வந்துவிடுகிறது. நீலக் கடலில் வெள்ளை நிறத்தில் ஒரு சின்ன யாட். பின்னால் கருகிப்போன எரிமலை. பாறையில் வரிசையாகப் படுத்திருக்கும் கடல் உடும்புகள். நீலக் கால்களோடு ஆடும் ஒரு பறவை. பதினாறு பேர், எட்டு நாள், பசிபிக் கடலில் கலாபகஸ் தீவுகள். தி.நகரில் வேலை பார்க்கும் ஒருவர் அதை அடையாறில் இருக்கும் நண்பருக்கு அனுப்புவார். “ஒருநாள் போயே ஆகணும்டா” என்று பதில் வரும். பிறகு ஈ.எம்.ஐ. ஞாபகம் வரும். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

சென்னையிலிருந்து ஈக்வடார் போக இரண்டு மூன்று விமானம் மாற வேண்டும். அங்கிருந்து இன்னொரு விமானம் பிடித்து, கடலுக்குள் சுமார் 1,000 கி.மீ. தாண்டினால்தான் கலாபகஸ். செலவு லட்சங்களில். ஆனால் மீனம்பாக்கத்தில் ஏறி சுமார் இரண்டேகால் மணி நேரத்தில் இறங்கும் தூரத்தில், நம் வங்கக் கடலின் அந்தப் பக்கம், எரிமலைத் தீவுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று இன்னும் புகைந்துகொண்டிருக்கிறது. இன்னொன்றில், உலகத்தில் வேறு எங்கேயும் இல்லாத ஒரு பறவை இருக்கிறது. இந்த இரண்டு தீவுகளையும் சுற்றிவரும் படகுப் பயணங்களுக்கு இப்போது ஆர்வம் கூடிவருகிறது. அப்படின்னா நாமும் ஒரு கலாபகஸை உருவாக்கிவிடலாமா? உருவாக்க வேண்டுமா? கேள்வி சுலபமாகத் தெரியும். பதில் அவ்வளவு சுலபமில்லை.

புகையும் தீவு

முதல் தீவின் பெயர் பாரன். அந்தமானின் தலைநகரான போர்ட் பிளேயரிலிருந்து (2024 செப்டம்பரில் இதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள்) வடகிழக்கே சுமார் 140 கி.மீ. தொலைவில் இருக்கிறது. இந்தியாவில் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை இதுதான்.

வெளியே தெரியும் உயரம் 350 மீட்டர் சுற்றி. பரங்கிமலையைப் பார்த்தவர்களுக்கு இதுவே பெரிதாகத் தெரியலாம். ஆனால் நிஜமான மலை தண்ணீருக்குள் இருக்கிறது. கடலடியிலிருந்து 2,000 மீட்டருக்கும் மேல் எழும்பி வந்து, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. தீவின் நடுவே சுமார் 2 கி.மீ. அகலத்துக்கு ஒரு பெரிய கிண்ணம். எப்போதோ நடந்த பெருவெடிப்பின் தழும்பு அது. கிண்ணத்துக்கு நடுவில் இன்னொரு கூம்பு. இப்போது புகை விடுவது அந்தக் கூம்புதான். மேற்குப் பக்கத்தில் கிண்ணத்தின் விளிம்பு உடைந்திருப்பதால், லாவா வழிந்து கடலுக்கு வர அந்த வழி திறந்து கிடக்கிறது. படகில் போகிறவர்கள் அந்தப் பக்கமாக நின்றுதான் உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள்.

இந்தத் தட்டு அந்தத் தட்டின் கீழே நுழைகிறது என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தது இங்கே அப்படியே நடக்கிறது. நாம் நிற்கும் இந்தியத் தட்டு, பர்மாத் தட்டுக்குக் கீழே சரிந்து போகிறது. ஆழத்தில் பாறை உருகி மேலே வருகிறது. 2004 டிசம்பர் 26 அன்று மெரினாவையும் பட்டினப்பாக்கத்தையும் தாக்கிய சுனாமிக்குக் காரணமான நிலநடுக்கமும் இதே பிளவில் பிறந்ததுதான். ஐந்தே மாதத்தில், 2005 மே மாதம், பாரன் வெடித்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டா என்பது புவியியலாளர்கள் விவாதிக்கும் விஷயம். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

பதிவான முதல் வெடிப்பு 1787-ல். அதன்பின் 19-ம் நூற்றாண்டின் முதல் பாதி வரை அவ்வப்போது பொங்கியது. பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் அமைதி. ‘இது அவ்வளவுதான், அடங்கிப்போச்சு’ என்று எல்லோரும் நினைத்திருந்தபோது 1991-ல் மறுபடி எழுந்தது. 1994, 2005, 2017, 2018 என்று வரிசை தொடர்கிறது. 2017 ஜனவரியில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவன விஞ்ஞானிகள் ஆராய்ச்சிக் கப்பலில் அந்தப் பக்கம் போனபோது, கண்ணெதிரே சாம்பல் எழும்பியதைப் பார்த்தார்கள். 2025 செப்டம்பரில் இரண்டு முறை மிதமான வெடிப்பு. சாம்பல் மேலே போனால் விமானங்களுக்கு எச்சரிக்கை கொடுப்பது ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் இருக்கும் மையம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகிறவர்களுக்குக்கூட இந்தத் தீவோடு ஒரு சின்ன உறவு இருக்கிறது, அவர்களுக்குத் தெரியாமலேயே.

மனிதர்கள் யாரும் இல்லை. ஆனால் ஆடுகள் இருக்கின்றன! 19-ம் நூற்றாண்டின் இறுதியில், கப்பல் உடைந்து யாராவது கரையேறினால் சாப்பாட்டுக்கு ஆகட்டும் என்று பிரிட்டிஷார் விட்டுப்போன ஆடுகளின் வாரிசுகள். இத்தனை வெடிப்பைத் தாண்டியும் அவை பிழைத்திருப்பதைக் கேட்டால் சிரிப்பு வரும். அடுத்த தீவின் கதையைப் படித்தால் அந்தச் சிரிப்பு கொஞ்சம் குறையும்.

ஒரே தீவு, ஒரே பறவை

இரண்டாவது தீவு நார்கொண்டம். இன்னும் வடக்கே, போர்ட் பிளேயரிலிருந்து சுமார் 260 கி.மீ. அடங்கிய எரிமலை. 710 மீட்டர் உயரம் வரை அடர்ந்த காடு. பர்மா இந்தத் தீவுக்கு உரிமை கோரிக்கொண்டிருந்தது. 1986-ல் கடல் எல்லை ஒப்பந்தம் வந்த பிறகே அந்தப் பேச்சு நின்றது.

பரப்பளவு 6.8 சதுர கி.மீ. இது எவ்வளவு என்று புரிய ஒரு கணக்கு: கிண்டி தேசியப் பூங்கா 2.7 சதுர கி.மீ. அதுபோல இரண்டரைப் பூங்கா. அவ்வளவுதான் மொத்தத் தீவும். நார்கொண்டம் இருவாச்சி என்ற பறவை இனத்துக்கு உலகத்திலேயே இருக்கும் ஒரே வீடு இந்த இரண்டரைக் கிண்டிதான்.

இருவாச்சிகளைத் தமிழ் வாசகர்களுக்கு ஆனைமலைக் காடுகளின் வழியாகத் தெரியும். பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். ஒரு சின்ன வெடிப்பு மட்டும் விட்டுவைக்கும். குஞ்சு வளரும்வரை ஆண்தான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். ஆண் செத்தால் மொத்தக் குடும்பமும் பட்டினி. ஆகவே இருவாச்சிக்கு வயதான, பருத்த, பொந்துள்ள மரம் வேண்டும். வருஷம் முழுக்க ஏதாவது ஒரு அத்தி பழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நார்கொண்டத்தில் இரண்டும் தாராளமாகக் கிடைக்கின்றன. மைசூரைச் சேர்ந்த இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை ஆய்வாளர்கள் சில ஆண்டுகளுக்கு முன் நடத்திய கணக்கெடுப்பில், தீவில் சுமார் 1,000 பறவைகள் இருக்கலாம் என்று தெரியவந்தது. ஒரு சதுர கிலோமீட்டருக்கு சுமார் 150. உலகில் வேறெங்கும் இருவாச்சிகள் இவ்வளவு நெருக்கமாக வாழ்வதாகப் பதிவில்லை. பழத்தைத் தின்று விதையைப் போடுவதால், அந்தக் காட்டை நட்டு வளர்ப்பதே இந்தப் பறவைகள்தான் என்றும் சொல்லலாம்.

ஆயிரம் என்பது தெம்பான எண்ணிக்கை மாதிரித் தெரிகிறது. ஆனால் எல்லா முட்டையும் ஒரே கூடையில். ஒரு பெரும்புயல், ஒரு காட்டுத் தீ, படகில் ஒட்டிவரும் ஒரு நோய், எது வந்தாலும் தப்பிப் பறந்து போக இன்னொரு தீவில் அந்த இனம் இல்லை. 2020-ல் இதே தீவிலிருந்து ஒரு புதிய மூஞ்சூறு இனத்தையும் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தினர் அறிமுகப்படுத்தினார்கள். இன்னும் என்னென்ன இருக்கிறது என்று முழுசாகத் தேடி முடித்துவிட்டோம் என்று யாரும் சொல்வதற்கில்லை.

இப்போது ஆடு கதை. நார்கொண்டத்தில் 1960களின் இறுதியில் ஒரு போலீஸ் முகாம் போட்டார்கள். வாரக்கணக்கில் கப்பல் வராத இடம். இறைச்சிக்காகச் சில ஆடுகளை 1970களில் கொண்டுபோனார்கள். ஆடுகள் காட்டுக்குள் ஏறின, பெருகின. முளைத்து வந்த செடியையெல்லாம் மேய்ந்தன. பெரிய மரம் விழுந்தால் அந்த இடத்தில் எழும்ப இளமரம் இல்லை என்ற நிலை. இருவாச்சியை ஆடு நேரடியாகத் தொடவே இல்லை, ஆனால் ஐம்பது வருஷம் கழித்து அது கூடு கட்டவேண்டிய மரத்தைக் கன்றிலேயே தின்றுகொண்டிருந்தது. கோவை ஆனைகட்டியில் இருக்கும் சலீம் அலி பறவையியல் மையத்தின் ரவி சங்கரன் இந்தத் தீவில் ஆய்வு செய்து, ஆடுகளை வெளியேற்றியாக வேண்டும் என்று வலியுறுத்தியவர்களில் முக்கியமானவர். அவர் 2009-ல் காலமானார். ஆடுகளை அகற்றும் வேலை பல வருஷம் இழுத்தது. நாலைந்து போலீஸ்காரர்களின் ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்காகச் செய்த ஒரு ஏற்பாட்டைச் சரிசெய்ய முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

அடுத்து ராடார். நார்கொண்டத்தில் கண்காணிப்பு ராடாரும் டீசல் மின் நிலையமும் அமைக்கக் கடலோரக் காவல் படை கேட்டது. 2012 ஆகஸ்ட் 31 அன்று அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயந்தி நடராஜன் அதை மறுத்தார். நம்ம சென்னைக்காரர், முன்னாள் முதல்வர் பக்தவத்சலத்தின் பேத்தி. இருவாச்சிக்காக அமைச்சர் ஒருவர் பாதுகாப்புத் துறையின் கோப்பைத் திருப்பி அனுப்பியது அன்று பெரிய செய்தி. 2014-ல் ஆட்சி மாறியதும் அனுமதி கிடைத்துவிட்டது. நாட்டின் பாதுகாப்புக்குத் தேவை என்ற வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. மியான்மரின் கோகோ தீவுகள் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. ஆனால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது: பாதுகாப்பு என்ற கனமான காரணத்துக்கே இரண்டு வருஷம் யோசித்த தீவில், சுற்றுலாவுக்கு எவ்வளவு யோசிக்க வேண்டும்?

‘சின்னப் படகுதானே, என்ன ஆகிவிடும்?’

இப்போது நிலவரம் இதுதான். பாரனுக்கு அந்தமான் நிர்வாகமும் தனியாரும் அவ்வப்போது கப்பல் பயணம் ஏற்பாடு செய்கிறார்கள். இரவில் கிளம்பி, விடியும்போது தீவைச் சுற்றிக்காட்டி, மதியத்துக்குள் திரும்புவது வழக்கமான திட்டம். ஸ்கூபா டைவிங் படகுகளும் போகின்றன. தீவில் இறங்கச் சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை. நார்கொண்டத்துக்கு வழக்கமான சுற்றுலா எதுவும் கிடையாது. பறவை ஆர்வலர்கள் சிறு குழுவாகச் சேர்ந்து, வனத்துறையிடம் அனுமதி வாங்கி, படகை வாடகைக்குப் பிடித்துப் போவது உண்டு. இரண்டு தீவுகளுமே வனவிலங்குச் சரணாலயங்கள். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது. அதே சட்டம், அனுமதி கொடுக்கக்கூடிய காரணங்களில் ஒன்றாக ‘சுற்றுலா’வையும் சேர்த்திருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதவு பூட்டியிருக்கிறது. சாவி ஒரு அலுவலகத்தில் இருக்கிறது, அவ்வளவே.

சென்னைக்குப் பெரிய கப்பல் பழகிவிட்டது. 2022 ஜூனில் முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்த கார்டீலியா ‘எம்ப்ரஸ்’, மிதக்கும் ஒரு மால். அடுத்த வருஷம் அது இலங்கைக்கும் போய்வந்தது. அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏறலாம். கடல் பார்ப்பதைவிட பஃபே பார்ப்பவர்களே அதிகம் என்று போய்வந்தவர்கள் கிண்டலாகச் சொல்வார்கள். அதோடு ஒப்பிட்டால் பதினாறு பேர் யாட் எவ்வளவோ நாகரிகம்; சத்தமில்லை, கூட்டமில்லை என்று தோன்றும். கலாபகஸைக் காட்டித்தான் இந்த வாதத்தை வைக்கிறார்கள். ஆனால் அங்கே தீவுகள் ஓரளவு பிழைத்திருப்பதற்குப் படகு சின்னது என்பது மட்டும் காரணமில்லை. படகைச் சுற்றி இருக்கும் விதிகள்தான் காரணம். அவற்றைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம், ஏனென்றால் விளம்பர வீடியோவில் அவை வருவதே இல்லை.

அங்கே நிலப்பரப்பில் சுமார் 97 சதவீதம் தேசியப் பூங்கா. ஒரு கப்பலில் அதிகபட்சம் 100 பயணிகள். பெரும்பாலான யாட்களில் 16 முதல் 20 பேர். இந்த 16 ஏதோ அழகான எண் என்பதால் வந்ததில்லை: கரையில் ஒரு வழிகாட்டிக்கு இத்தனை பேர்தான் என்று பூங்கா வைத்திருக்கும் வரம்பு அது. வழிகாட்டி இல்லாமல் பூங்காவுக்குள் ஒரு அடிகூட வைக்க முடியாது. அந்த வழிகாட்டி பூங்காவின் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். எந்தக் கப்பல் எந்த நாளில் எந்தக் கரையில் நிற்கலாம் என்பதைப் பூங்காவே தீர்மானிக்கிறது; ஒரே இடத்துக்கு ஒரே கப்பல் இரண்டு வாரத்துக்குள் திரும்பி வரக் கூடாது. ‘இங்க நல்லா இருக்கு, இன்னொரு நாள் இருப்போம்’ என்று கேப்டனிடம் கேட்டு வேலைக்கு ஆகாது. விலங்கிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பையில் பழமோ விதையோ இருக்கிறதா என்று விமான நிலையத்தில் சோதிக்கிறார்கள். கப்பலின் அடிப்பாகத்தில் வேற்றுக் கடலின் சிப்பியும் பாசியும் ஒட்டியிருக்கிறதா என்று முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்க்கிறார்கள். வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்ட் முதல் 100 டாலரிலிருந்து 200 டாலராக உயர்ந்தது.

இத்தனை விதி இருந்தும் அடி விழாமல் இல்லை. 1970களின் இறுதியில் ஆண்டுக்குச் சுமார் 12,000 பேர் போய்வந்த இடத்துக்கு, 2023-ல் 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். கப்பல்களில் படுக்கை எண்ணிக்கைக்கு உச்சவரம்பு போட்டார்கள். அது வேலை செய்தது. ஆனால் கூட்டம் கரையில் ஹோட்டல் வழியாக வந்தது. 2007-ல் யுனெஸ்கோ இந்தத் தீவுகளை ‘ஆபத்தில் இருக்கும் பாரம்பரியச் சின்னம்’ பட்டியலில் சேர்த்தது, 2010-ல்தான் விடுவித்தது. அங்கேயும் ஆடு கதை உண்டு, பல மடங்கு பெரிதாக. இசபெலா தீவின் வடபகுதியிலும் பக்கத்துத் தீவிலும் பெருகிய ஆடுகளை ஒழிக்க, ஹெலிகாப்டரிலிருந்து சுட வேண்டிவந்தது. 1997 முதல் 2006 வரை நடந்த அந்தத் திட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஆடுகள் கொல்லப்பட்டன. கடைசி ஆடுகளைப் பிடிக்க, ரேடியோ பட்டை கட்டிய ஆட்டை அவிழ்த்துவிட்டு அதன் பின்னாலேயே போனார்கள். கூட்டத்தைத் தேடிப் போய்ச் சேரும் குணத்தால் அது தன் இனத்தைக் காட்டிக்கொடுத்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘யூதாஸ் ஆடு’.

கலாபகஸ் பல தீவுகள் கொண்ட கூட்டம். ஒரு தீவு சோர்ந்தால் இன்னொரு தீவில் படகை நிறுத்தலாம். நார்கொண்டம் ஒன்றே ஒன்று. அங்கே சுழற்சி முறை என்ற பேச்சுக்கே இடமில்லை. வாரம் ஒரு யாட், பதினாறு பேர், கடல் அமைதியாக இருக்கும் நாலு மாதம் என்று வைத்துக்கொண்டால்கூட 250 பேருக்கு மேல் ஆகிறது. சரிவான மலை, ஏற வழி குறைவு, எல்லோரும் மிதிப்பது அதே ஒற்றையடிப் பாதையைத்தான். அதே பாதைக்கு மேலே இருக்கும் மரத்தில்தான் அடைத்துக்கொண்ட ஒரு பெண் பறவை இருக்கும். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல்: படகுக்கு நல்ல மாதங்கள், இருவாச்சி கூட்டில் இருக்கும் மாதங்களும் அவையே. இந்த மோதலை எந்த விளம்பரமும் சொல்லாது.

வெடித்தால்?

பாரன் விஷயத்தில் கவலை வேறு. அங்கே ஆபத்து நமக்கு.

2019 டிசம்பர் 9. நியூசிலாந்தின் வாக்காரி, அதாவது வெள்ளைத் தீவு. சொகுசுக் கப்பலில் வந்தவர்கள் பகல் உலாவாகப் படகில் அந்த எரிமலைத் தீவுக்குப் போய், வாய்ப் பள்ளம் வரை நடந்துகொண்டிருந்தார்கள். மதியம் இரண்டு மணி தாண்டியதும் எரிமலை வெடித்தது. தீவில் அப்போது 47 பேர். அவர்களில் 22 பேர் இறந்தார்கள். மூன்று வாரம் முன்பே அந்த எரிமலையின் எச்சரிக்கை நிலையை உயர்த்தியிருந்தார்கள், கண்காணிப்புக் கருவிகளும் இருந்தன. ஆனாலும் சுற்றுலா நிற்கவில்லை. ‘இத்தனை வருஷமா போய்ட்டுதானே இருக்கோம்’ என்ற பழக்கம்தான் அங்கே வென்றது.

அதற்கு ஒரு வருஷம் முன், 2018 டிசம்பர் 22 இரவு, இந்தோனேசியாவின் அனக் கிரகதாவ் எரிமலையின் ஒரு பக்கம் அப்படியே கடலுக்குள் சரிந்தது. எழுந்த அலையில் 400-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். தீவில் யாரும் இறங்கியிருக்கவில்லை. செத்தவர்கள் எதிர்க்கரையில் இருந்தவர்கள். கடலுக்கு நடுவில் நிற்கும் எரிமலைக்குப் பக்கத்தில், ‘படகிலேயே இருக்கிறோம், இறங்கவில்லை’ என்பது பாதி பாதுகாப்புதான்.

பாரனில் ஆளில்லை, நிரந்தரமாகக் கண்காணிப்பவரும் இல்லை. பெரும்பாலும் செயற்கைக்கோளும் அந்த வழியாகப் போகும் கப்பல்களுமே கண்கள். ஆகவே, அந்தமான் நிர்வாகம் இந்தப் பயணங்களைப் பெருக்குவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பொதுவெளியில் வைக்க வேண்டும்: தீவிலிருந்து எத்தனை கிலோமீட்டர் தள்ளிப் படகு நிற்க வேண்டும், எந்த அறிகுறி வந்தால் பயணம் ரத்தாகும், ரத்து செய்யும் அதிகாரம் யாருக்கு. கடைசிக் கேள்வி மிக முக்கியம். டிக்கெட் விற்றவரிடம் அந்த முடிவை விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வாக்காரியே சாட்சி.

அப்போ போகவே கூடாதா?

அப்படி இல்லை. கடலிலிருந்து பாரனைப் பார்க்கும் பயணம் நியாயமான ஆசைதான். சின்ன படகுகளில், தூர வரம்போடு, நன்றாகப் பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு அது நடக்கலாம்; நடக்கவும் வேண்டும். அந்தமான் நிக்கோபாரில் 2011 கணக்கெடுப்புப்படி சுமார் 15 சதவீதம் பேரின் தாய்மொழி தமிழ். கடைவீதியில் தமிழ் பேசியே காலம் தள்ளலாம். கலாபகஸில் வழிகாட்டி வேலையை அந்தத் தீவுவாசிகளுக்கே ஒதுக்கிவைத்திருப்பதுபோல இங்கும் செய்தால், பணம் மும்பைக்கோ டெல்லிக்கோ பறந்துவிடாமல் அங்கேயே நிற்கும். எரிமலையைத் தமிழில் விளக்கிச் சொல்ல அந்தமான் பிள்ளை ஒருவர் படகில் இருந்தால் கேட்கவே நன்றாக இருக்காதா?

நார்கொண்டம் வேறு. அதைச் சுற்றுலா வரைபடத்தில் சேர்க்காமலே விடுவதுதான் சரி. ஆய்வாளர்கள் போகட்டும், காவலர்கள் இருக்கட்டும். மற்றவர்கள் கடலில் தள்ளி நின்று, வெள்ளை வால் தெரியப் பறந்துபோகும் இருவாச்சி ஜோடியை பைனாகுலரில் பார்த்தால் போதும். ‘எல்லா இடத்தையும் எல்லோரும் பார்க்க உரிமை இல்லையா’ என்று கேட்பார்கள். கிண்டியில் கூட வேலிக்கு உள்ளே எல்லா இடத்துக்கும் யாரும் விடுவதில்லை. இப்போது தீவுகளைப் பற்றிய விவாதம் முழுவதும் கிரேட் நிக்கோபார் துறைமுகத் திட்டத்தின் மீதே இருக்கிறது. அது பெரியது, அதற்கு அந்தக் கவனம் தேவை. ஆனால் அந்தச் சத்தத்தில் வடக்கே ஒரு சின்னத் தீவுக்கு ஒரு சின்ன அனுமதி கையெழுத்தானால் நமக்குத் தெரியவராமலே போகலாம்.

இந்தத் தீவுகளுக்கும் தென்சென்னைக்கும் பழைய உறவு உண்டு. 1970களில் ராமுலஸ் விட்டேக்கரும் சதீஷ் பாஸ்கரும் சென்னைக் கடற்கரையில் இரவெல்லாம் நடந்து ஆமை முட்டைகளைத் தேடினார்கள். பாஸ்கர் ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்துக்கொண்டிருந்தவர், படிப்பை விட்டுவிட்டு ஆமைகளின் பின்னால் போனார். அந்தமான், நிக்கோபார் தீவுக் கரைகளைக் கால்நடையாகவே அளந்து, எந்தக் கரையில் எந்த ஆமை வருகிறது என்று முதன்முதலில் எழுதிவைத்தவர் அவர். 1982 மழைக்காலத்தில் லட்சத்தீவில் ஆளில்லாத சுஹேலித் தீவில் மாதக்கணக்கில் தனியாக இருந்தார். மனைவிக்கு எழுதிய கடிதத்தை பாட்டிலில் அடைத்துக் கடலில் விட்டார். அது இலங்கையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, தபாலில் வந்து சேர்ந்தது. 2023-ல் அவர் காலமானார். இன்றும் தீவுகளைப் பற்றிய தகவல் பல, அவர் நடந்த நடையில்தான் நிற்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில் இருக்கும் முதலைப் பண்ணை அறக்கட்டளை 1980களின் இறுதியில் அந்தமானிலேயே ஒரு ஆய்வு நிலையத்துக்கு விதை போட்டது.

போக நினைப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். கடல் ஓரளவு சாதுவாக இருப்பது ஜனவரி முதல் ஏப்ரல் வரை; அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும் காலம், பயணம் ரத்தானால் யாரையும் திட்டிப் பயனில்லை. சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேயருக்குப் பயணிகள் கப்பலும் உண்டு, இரண்டரை மூன்று நாள் ஆகும். பாரன் பயணத்தை விற்கிறவரிடம் கேட்க வேண்டியவை: வனத்துறை அனுமதி யார் பெயரில் இருக்கிறது? தீவிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்பீர்கள்? புகை அதிகமானால் என்ன செய்வீர்கள், பணம் திரும்ப வருமா? படகில் சேரும் குப்பை எங்கே போகும்? “சார், லைட்டா கரையில இறக்கி விட்டுடலாம், யாரும் பார்க்க மாட்டாங்க” என்று ஒருவர் சொன்னால், அவரிடம் டிக்கெட் வாங்கக் கூடாது.

பட்ஜெட் இல்லையென்றால் பெசன்ட் நகருக்கே போகலாம். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல், ஆமைப் பருவத்தில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே இரவு நடை நடத்துகிறது. வார இறுதிகளில் பொதுமக்களும் சேர்ந்துகொள்ளலாம். டார்ச் அடிக்கக் கூடாது, ஃபிளாஷ் போடக் கூடாது, ஆமை வந்தால் விலகி நிற்க வேண்டும், சொல்வதைக் கேட்க வேண்டும். கலாபகஸ் விதிகளில் பாதி இங்கே ஏற்கெனவே அமலில் இருக்கிறது, கட்டணமே இல்லாமல். 2025 ஜனவரியில் இதே கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவைப் படகுகளின் வலையில் மாட்டி மூச்சு முட்டியவையே பெரும்பாலும். அவற்றை எண்ணிக் குறித்தவர்களில் அந்த இரவு நடைக்காரர்களும் உண்டு. நடை இரவு பதினோரு மணி வாக்கில் தொடங்கும். முடிய விடியற்காலை ஆகிவிடும். மறுநாள் காலை அலுவலகம் இருப்பவர்கள் சனிக்கிழமை இரவில் போவது நல்லது.